தாய் வாத்து என்ன ஆயிற்று?
(வெள்ளி விழாக் கருத்தரங்கின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்றால் பட்டம் பெற்றோரைப் பாராட்டுவது மரபு. இன்று காலை அது செவ்வனே நடந்தேறியது. நம் மாலை வகுப்பில் பாய் விரித்து அமர்ந்து படித்த பிள்ளைகள் செவிலியராகவும் ஆசிரியராகவும் பொறியாளராகவும் எழுந்து நின்றபோது கண் கலங்காதவர் இவ்வரங்கில் எவரும் இரார். அத்தகைய நாளில் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ குழந்தைகளின் படப் புத்தகம். பந்தியில் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர், "இருபத்தைந்து ஆண்டு பாடுபட்டுவிட்டுப் பொம்மைப் புத்தகத்தைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. விடியுமுன் முறுக்குச் சுற்றப் போகும் தாயும், தறிக்குப் போகும் தந்தையும், பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்தால் போதும் என்றே நினைப்பார்கள். படம் பார்ப்பதைப் படிப்போடு சேர்த்து எண்ணும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆயினும் இத்தலைப்பைக் கேட்டு வாங்கியவர்கள் நாமே. அதற்குக் காரணம் ஒரு சிறுமி கேட்ட கேள்வி.

மாலை வகுப்பில் ஒரு மரப்பெட்டி உண்டு. நகரத்து நண்பர்கள் தங்கள் பிள்ளைகள் படித்து முடித்த கதைப் புத்தகங்களை அவ்வப்போது கொடுப்பார்கள். அவற்றை அப்பெட்டியில் வைத்திருக்கிறோம். வாரம் ஒருநாள் ஒன்றை எடுத்து, படம் தெரியும்படி பிடித்துக்கொண்டு, வாசித்துக் காட்டுவோம். அவ்வாறு ஒருநாள் வாசித்த புத்தகம் 'அழகற்ற வாத்துக்குஞ்சு'. டென்மார்க்கு நாட்டு ஆசிரியர் ஆன்ஸ் கிறித்தியன் ஆண்டர்சன் 1843இல் வெளியிட்ட கதை அது. தனக்குரிய இடத்தைத் தேடி அலையும் குழந்தையைப் பற்றி உலகில் எழுந்த கதைகளுள் இதனினும் புகழ் வாய்ந்தது வேறில்லை எனலாம்.

கதை தெரியாதோர்க்குச் சுருங்கச் சொல்வோம். வாத்துப் பண்ணையில் ஒரு முட்டை மட்டும் காலந்தாழ்ந்து பொரிகிறது. வெளிவந்த குஞ்சு பெரிதாகவும் அழகின்றியும் இருக்கிறது. மற்ற வாத்துகள் கொத்துகின்றன, கோழிகள் விரட்டுகின்றன, தீனி போடும் பெண்ணும் காலால் உதைக்கிறாள். தாய் வாத்து முதலில் அதற்காகப் பரிந்து பேசுகிறது. நாளாக ஆக, இது கண்காணாமல் போனால் தேவலை என்று அத்தாயே எண்ணத் தொடங்குகிறது. குஞ்சு ஓடிப்போகிறது. ஒரு கிழவியின் குடிசையில் பூனையும் கோழியும் அதனிடம் தேர்வு நடத்துகின்றன. முட்டையிடத் தெரியுமா, பூனையைப்போல் உறுமத் தெரியுமா என்று கேட்டு, இரண்டும் தெரியாதாயின் கருத்துச் சொல்லும் உரிமை உனக்கில்லை என்கின்றன. குளிர்காலத்தில் அக்குஞ்சு பனிக்கட்டியில் உறைந்து கிடக்கிறது. உழவர் ஒருவர் எடுத்துக் காப்பாற்றுகிறார். வசந்தம் வந்ததும் நீரில் தன் நிழலைப் பார்க்கிறது. அது வாத்தே அன்று, அன்னம். மற்ற அன்னங்கள் அதை வரவேற்கின்றன. கதை முடிகிறது.

வாசித்து முடித்தபோது பிள்ளைகள் கை தட்டினர். பாட்டியிடம் வளரும் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் கை தட்டவில்லை. "அந்த அம்மா வாத்து அப்புறம் என்ன ஆச்சுங்க சார்?" என்று கேட்டாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். அப்பால் பின்னட்டை மட்டுமே இருந்தது.

அன்றிரவு அக்கதையை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தோம். கொத்துப்பட்ட குஞ்சின்மேல் நமக்கு இயல்பாகவே பாசம் உண்டாகிறது. நம்மில் கொத்துப்படாதவர் யார்? ஆகவே அது அன்னமாகும்போது நாமே அன்னமானதுபோல் மகிழ்கிறோம். ஆனால் கதை தரும் விடை யாது? நீ துன்பப்பட்டதற்குக் காரணம் நீ வேறொரு பிறப்பு; உன் பிறப்புக்குரியோரிடம் சேர்ந்துவிட்டாய், இனித் துன்பமில்லை என்பதே அவ்விடை. பொரிந்த இடம் எதுவாயினும், முட்டை எவருடையது என்பதுதான் பொருட்டு என்ற கருத்தைக் கதையின் முடிவில் ஆசிரியரே சொல்லிவிடுகிறார். முட்டையைக் கொண்டு இடத்தை முடிவு செய்யும் இக்கணக்கை நாம் எங்கோ கேட்டதுண்டல்லவா? ஈராயிரம் ஆண்டுகளாக நம் தலைமேல் ஏற்றி வைக்கப்பட்ட கணக்கும் அதுவே. அன்னப்பறவை பாலையும் நீரையும் பிரித்துவிடும் என்று நம் புலவர்கள் பாடி வைத்தார்கள். பிரித்து வைப்பதையே சிறப்பாகக் கொண்ட பறவையிடத்தில் போய் நம் பிள்ளை இடம் கேட்க வேண்டுமா என்றும் தோன்றியது.

ஆண்டர்சனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர் யார் என்று தெரிந்தால் இவ்வரங்கில் உள்ளோர் வியப்படைவர். 1805இல் ஓடென்சே என்ற ஊரில் பிறந்த அவருடைய தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி. தாய் பிறர் துணி வெளுத்தவர். தந்தை தொழில் முடிந்த மாலைகளில் ஆயிரத்தோர் இரவுகள் கதையை மகனுக்கு வாசித்துக் காட்டுவாராம். பதினோரு வயதில் தந்தையை இழந்தார். பதினான்கு வயதில் தலைநகர் கோபன்கேகனுக்கு ஏறக்குறைய வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தார். உதவும் உள்ளம் படைத்த ஒருவரின் துணையால், வளர்ந்த பிள்ளையாகச் சிறுவர்களுக்கு நடுவில் அமர்ந்து பள்ளிப் பாடம் படித்தார். தலைமையாசிரியரின் ஏளனத்துக்கு ஆளானார். இவை அனைத்தும் நம் தெருவில் நடந்தவைபோல் இல்லையா?

அழகற்ற வாத்துக்குஞ்சு ஆண்டர்சனே என்று பலரும் சொல்வர். ஆனால் ஆண்டர்சன் அன்னத்தின் முட்டையிலிருந்து வந்தவர் அல்லர். வாத்துப் பண்ணையிலேயே பிறந்து, வாத்தாகவே இருந்து, உலகம் போற்றும் எழுத்தாளரானார். அவரை உயர்த்தியவை தந்தை வாசித்துக் காட்டிய புத்தகமும், பிறர் செய்த உதவியும், பிடிவாதமான படிப்பும். அவருடைய வாழ்க்கையே அவருடைய கதைக்கு மறுப்பாக நிற்கிறது. அன்றைய ஐரோப்பாவில் செருப்புத் தைப்பவர் மகன் மேலோர் சபையில் கூசாமல் அமர வேண்டுமாயின், உள்ளுக்குள் நானும் அன்னமே என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது போலும். அவரை மன்னித்துவிடலாம். அக்கதையை நம் பிள்ளைகளிடம் விளக்கமின்றிக் கொடுத்துவிடும் நம்மையே எளிதில் மன்னிக்க இயலவில்லை.

ஏனெனில் அச்சிறுமியின் கேள்வி வாத்தைப் பற்றியது மட்டும் அன்று. அன்னமானவர் திரும்பி வருவதில்லை என்பதை அவள் எப்படியோ கண்டுகொண்டாள்.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். சேலத்தில் கல்லூரியில் படித்த நாளில், "எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். "ஆட்டையாம்பட்டி" என்போம். உடனே முறுக்கைப் பற்றி இரண்டு சொல் வரும். அத்தோடு நின்றால் நிம்மதி. "ஆட்டையாம்பட்டியில எங்கேங்க?" என்று அடுத்த கேள்வி வரும். அக்கேள்வி எதை அறிய வருகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று சொல்லி வைத்தோம். பேருந்து நிலையத்திலிருந்து நம் தெருவுக்கு நல்ல நடை உண்டு என்பதை இங்குள்ள நீங்கள் அறிவீர்கள். கல்லூரியை விட்டு வெளிவரும் வரையில் நாம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே குடியிருந்தோம். இன்று மேடையில் பாராட்டப்பெற்ற செல்வங்களில் எத்தனை பேர் சென்னையிலும் பெங்களூரிலும் வாடகை வீடு தேடும்போது இவ்வாறே எங்கெங்கோ குடியிருக்கிறார்களோ, அவரவர் நெஞ்சுக்குத் தெரியும். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. வீடு கிடைக்க வேண்டும் அன்றோ?

நிற்க. இடம் என்ற சொல் நம் பிள்ளைகளுக்கு உவமையாக வந்த சொல் அன்று. பிற குழந்தைகளின் கதைகளில் "என் இடம் எது?" என்பது உள்ளத்தின் தேடல். நம்மவர்க்கு அது, வகுப்பில் எங்கே உட்காருவது என்ற நேரடியான கேள்வியாகவே தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியுள்ளதில், மூலையில் தனியே அமர ஒரு கோணிச் சாக்கை வீட்டிலிருந்து தாமே கொண்டுவந்து, மாலையில் தாமே எடுத்துப்போக வேண்டியிருந்ததைக் குறிப்பிடுகிறார். பள்ளிப் பணியாளர் அச்சாக்கைத் தொடமாட்டார். பணியாளர் வந்து குழாயைத் திறந்துவிட்டாலன்றிக் குடிக்கத் தண்ணீரும் இல்லை. 1901இல் தந்தையைக் காண அண்ணனோடு புறப்பட்டு மாசூர் நிலையத்தில் இறங்கியபோது, மகர் என்று தெரிந்ததும் நிலைய அதிகாரி பின்வாங்கியதையும், இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டிக்காரர் ஓட்ட மறுத்ததால் பிள்ளைகளே வண்டியை ஓட்டிச் சென்றதையும், அவ்விரவு முழுதும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காததையும் எழுதியிருக்கிறார்.

இவ்வரலாற்றைப் படங்களால் சொல்லும் 'பீமாயணம்' என்ற நூல் 2011இல் நவயானா பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. எழுத்து ஸ்ரீவித்யா நடராஜன், ச. ஆனந்த் ஆகியோருடையது. படம் வரைந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டுப் பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இணையர். படக்கதை என்றால் கட்டம் கட்டமாகப் பிரித்து வரைவதே வழக்கம். அவ்விருவரும் கட்டங்களை ஏற்கவில்லை; தங்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் இடும் கோலவரிகளையே பக்கத்தின் எல்லையாக்கினர். அன்பான சொல் பறவை வடிவத்துக்குள் வருகிறது. நஞ்சு தோய்ந்த சொல் தேளின் கொடுக்கோடு வருகிறது. எழுத்தறியாத பாட்டியும் எச்சொல் கொட்டும் சொல் என்று படத்தைப் பார்த்தே கூறிவிடுவார். பட்ட அவமானத்தை மட்டும் காட்டாமல் அவமானம் யாருடையது என்பதையும் காட்டுகிற படம் அது. அந்நூல் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏற்றது. ஐந்து வயதுக் குழந்தைக்கு முதல் புத்தகமாக அதைக் கொடுக்கத் தயங்குகிறோம். உலகத்தை அறிமுகம் செய்யும்போதே தேளைத்தான் காட்ட வேண்டுமா?

நம் பிள்ளைப் பருவத்தில் படித்த பாடநூல்களில் 'எங்கள் ஊர்' என்றொரு படம் தவறாமல் இருந்தது. கோயில் இருக்கும், குளம், ஆலமரம், பள்ளி, கடைத்தெரு இருக்கும், ஏர் ஓட்டும் உழவர் இருப்பார். ஊருக்கு அப்பால் பிரிந்து போகும் பாதை அப்படத்தில் இராது. நம் வீட்டைத் தேடிப் பார்த்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. தேட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. ஊர் என்றால் அவர்கள் ஊர் என்றே பழகிவிட்டோம். அதே வயதில், புத்தகக் கண்காட்சிகளில் மலிவு விலைக்குக் கிடைத்த சோவியத்து நாட்டுப் படப் புத்தகங்கள் நமக்கு வாய்த்தன. வழவழப்பான தாள், அழகிய வண்ணங்கள். பனி மூடிய கூரையும், கரடியும், கம்பளித் தலைக்குட்டை கட்டிய பாட்டியும் நமக்கு நன்கு தெரிந்திருந்தார்கள். மாஸ்கோவுக்கு அப்பாலுள்ள குடிசையின் உட்புறத்தைப் படத்தில் கண்ட நாம், நம் குடிசையை எந்தப் படத்திலும் கண்டதில்லை. அப்புத்தகங்கள் தந்த மகிழ்ச்சிக்கு இன்றும் நன்றியுடையோம். 1991இல் சோவியத்து ஒன்றியம் கலைந்தபின் அவ்வரத்து நின்றுபோனது.

நம்மைப்போலவே இக்குறையை உணர்ந்து, நமக்கு முன்பே செயலில் இறங்கியோர் அமெரிக்கக் கறுப்பின மக்கள். அறிஞர் டுபாய்ஸ், சிறந்த எழுத்தாளரான ஜெசி ஃபாசெட் அம்மையார் முதலானோருடன் சேர்ந்து 1920 சனவரியில் 'பிரவுனீஸ் புக்' என்ற மாத இதழைத் தொடங்கினார். கறுப்பினக் குழந்தைகளுக்கென்றே எழுந்த இதழ். பின்னாளில் பெருங்கவிஞரான லாங்ஸ்டன் ஹியூசின் தொடக்கக் கவிதைகள் சில அதில் வந்தன. போதிய சந்தா சேராமையால் 24 இதழ்களோடு, 1921 திசம்பரில் நின்றது. இரண்டே ஆண்டுதான். சங்கம் நடத்துவோர்க்கு இச்செய்தி புதிதன்று.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க்கு மழலைப் பள்ளி ஒன்றில் படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, இவற்றில் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளே ஏன் இருக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து அக்கட்டுரை தொடங்குகிறது. 1962 முதல் 1964 வரை அந்நாட்டில் வெளிவந்த 5,206 குழந்தை நூல்களை அவர் கணக்கிட்டார். அவற்றுள் கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றவை 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. அன்றைய வாழ்வில் உள்ள கறுப்பினத்தவரைச் சொல்பவை நூற்றுக்கு ஒன்றையும் எட்டவில்லை. அங்கும் ஒரு சிறுமியின் கேள்வியே தொடக்கம் என்பதைப் படித்தபோது நம் மாலை வகுப்பு நினைவுக்கு வந்தது.

அக்கணக்கெடுப்புக்கு உட்பட்ட ஆண்டுகளில் வந்த ஒரு நூலைப் பற்றி மட்டும் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்பவர் 1962இல் வெளியிட்ட 'பனி நாள்' என்ற படப் புத்தகம் அது. ஆசிரியர் கறுப்பினத்தவர் அல்லர். போலந்திலிருந்து புரூக்ளினில் குடியேறிய ஏழை யூதப் பெற்றோரின் மகன். 1940இல் ஒரு வார இதழில் கண்ட கறுப்பினச் சிறுவன் ஒருவனின் ஒளிப்படங்களைக் கத்தரித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பாதுகாத்து வைத்திருந்தார். அச்சிறுவனே பீட்டர் என்ற பெயரில் நூலில் வருகிறான். கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை. பீட்டர் காலையில் எழுகிறான், பனி பெய்திருக்கிறது, சிவப்பு அங்கி அணிந்து வெளியே போகிறான், காலடித் தடம் பதிக்கிறான், சறுக்கி விளையாடுகிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறான், அது உருகிப்போகிறது. அவன் கறுப்பினத்தவன் என்று எழுத்தில் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. எவரும் அவனைக் கொத்தவில்லை. அவன் எவரிடமும் இடம் கேட்கவும் இல்லை. முதல் பக்கத்திலேயே தெரு முழுவதும் அவனுடையதாக இருக்கிறது. 1963இல் அந்நாட்டின் படப் புத்தகங்களுக்குரிய உயர்ந்த பரிசு அதற்குக் கிடைத்தது. பீட்டரின் தாயை வரைந்த விதத்தை லாரிக் அம்மையார் குறைகூறினார் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல நூலும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதன்று.

1968இல் வந்த 'கார்டுராய்' என்ற கதையும் நினைவில் நிற்பது. பொத்தான் அறுந்த கரடிப் பொம்மையை ஒருவரும் வாங்குவதில்லை. லிசா என்னும் கறுப்பினச் சிறுமி தன் உண்டியலில் சேர்த்த காசைக் கொடுத்து அதை வாங்கி, நான்கு மாடி ஏறித் தன் சிறிய அறைக்குக் கொண்டுபோகிறாள். பொத்தான் இல்லாமலே அவளுக்கு அதைப் பிடித்திருக்கிறது. ஆயினும் கரடிக்கு வசதியாக இருக்கட்டும் என்று தைத்துக் கொடுக்கிறாள். இங்கே இடத்தைத் தருவது முட்டையன்று. ஒரு சிறுமியின் விருப்பம்.

நம் தமிழகத்தில் இவ்வழியில் நடந்தவர் எவருமில்லையோ என்று எண்ண வேண்டா. சட்டமன்றப் பேச்சுகளுக்காகவே நாம் நினைவு கூரும் பெருந்தலைவர் எம்.சி. ராஜா அடிப்படையில் பள்ளி ஆசிரியர். 1883இல் பரங்கிமலையில் பிறந்தவர். இழிவுப் பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஆவணங்களில் வழங்க வேண்டும் என்று 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து வெற்றி கண்டவர் அவரே. அதே கை, 1930இல் ரெங்கநாயகி அம்மையாருடன் சேர்ந்து 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற பெயரில் மழலையர்க்கான பாட்டும் கதையும் கொண்ட நூலையும் தந்தது. ஒரு சமுதாயத்தின் பெயரை மாற்றப் போராடியவர், கைவீசி ஆடும் குழந்தைக்குப் பாட்டுத் தேடவும் நேரம் ஒதுக்கியிருக்கிறார். பந்தியில் கேள்வி கேட்ட நண்பருக்கு நாம் தரும் விடை இதுவே. வருந்தத்தக்கது என்னவென்றால், அவருக்குப் பின்வந்த நாம் அவருடைய முதற்பணியைத் தொடர்ந்த அளவு இரண்டாம் பணியைத் தொடரவில்லை.

பின்னர் வந்த முயற்சிகளைக் குறைத்துச் சொல்லலாகாது. அழ. வள்ளியப்பா அவர்களும் குழந்தை எழுத்தாளர் சங்கமும் குழந்தைகளுக்கென்று ஒரு தமிழ் நடையையே உருவாக்கினர். நேஷனல் புக் டிரஸ்ட் ஒரே படத்தை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் பல மொழிகளில் மாற்றி அச்சிட்டு மலிவாகத் தந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லா மாநிலத்துக்கும் பொருந்த வரைந்த வீடு எந்த மாநிலத்து வீடாகவும் இராது. பனைமரமும் மேட்டாங்காடும் தறிச் சத்தமும் அதில் வர வழியில்லை. தூலிகா, பிரதம் முதலிய பதிப்பகங்கள் வந்தபின் நிலைமை மேம்பட்டிருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கென்று 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று படி வகுத்துச் சிறு படப் புத்தகங்களை அனுப்பியது. ஐதராபாத்தின் அன்வேஷி அமைப்பு 2008இல், தலித் குழந்தைகளும் இசுலாமியக் குழந்தைகளும் தத்தம் வீட்டில் வாழ்வதுபோலவே வரும் கதை வரிசை ஒன்றைத் தெலுங்கிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தது. அவ்வரிசை தமிழுக்கும் வந்திருக்கலாம். நம் பக்கத்துப் பிள்ளைகளை உள்ளபடி காண வேண்டுமாயின், திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையங்களில் ஆடு மேய்த்த சிறுவர்களைப் பற்றிப் பெருமாள்முருகன் 2000இல் எழுதிய 'கூளமாதாரி' நாவலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அது பெரியவர் படிக்கும் நூல்.

மரப்பெட்டியில் உள்ளவற்றுள் நம் மனத்துக்கு மிக நெருங்கியது மகாசுவேதா தேவி அவர்களின் ஒரு சிறு புத்தகம். தூலிகா 2003இல் வெளியிட்டது, தமிழிலும் உண்டு. மொய்னா என்ற சபர் பழங்குடிச் சிறுமி, ஆடு மேய்க்கிறாள், விறகு பொறுக்குகிறாள், ஓயாமல் ஏன் ஏன் என்று கேட்கிறாள். தண்ணீருக்கு நான் ஏன் இவ்வளவு தூரம் நடக்க வேண்டும், பண்ணையார் வீட்டுக்கு நான் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்றெல்லாம் கேள்விகள். விடை புத்தகத்தில் கிடைக்கும் என்று அறிந்ததும் பள்ளிக்கு வருகிறாள்; ஆடு மேய்த்துவிட்டு வருவதற்குள் பள்ளி முடிந்துவிடுகிறதே, நேரத்தை ஏன் மாற்றக்கூடாது என்று அங்கும் கேட்கிறாள். வளர்ந்தபின் அவள் அங்கேயே குழந்தைகளுக்கு ஆசிரியையாக நிற்கிறாள். அன்னமாகிப் பறந்துவிடவில்லை. இக்கதையை வாசித்தபோது நம் சிறுமி தாய் வாத்தைப் பற்றிக் கேட்டதுபோல் எதுவும் கேட்கவில்லை. "எங்க டீச்சரும் இங்கத்தவங்கதானுங்களே" என்று மட்டும் சொன்னாள்.

இனி, சங்கத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோளுக்கு வருகிறோம். விழா நிதியில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, நம் பிள்ளைகள் வரைந்த படங்களால் ஒரு புத்தகம் அச்சிட விரும்புகிறோம். ஒரு பெரிய தாளை இருபுறமும் அச்சிட்டு மடித்தால் எட்டு அல்லது பதினாறு பக்கம் வரும். படப் புத்தகங்கள் 16, 24, 32 பக்கங்களில் அமைவது அதனாலேயே. நமக்குப் பதினாறு போதும். நடுவில் இரண்டு பின் அடித்தால் புத்தகம் தயார். பக்கத்துக்கு ஓரிரு வரிக்குமேல் வேண்டா. படம் காட்டுவதை எழுத்து திரும்பச் சொல்லக்கூடாது என்பது ஒன்றே விதி. பிள்ளைகள் ஏற்கெனவே வரையத் தொடங்கிவிட்டார்கள். அம்மா முறுக்குச் சுற்றும் விரல்கள், தெருவிளக்கின் கீழ் பல்லாங்குழி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் தெரு வரைக்கும் வரும் வழி ஆகியவை வந்துவிட்டன. கடைசியாகச் சொன்னதைப் பார்த்துச் சற்று நேரம் பேசாதிருந்தோம்.

சிக்கல் எழுந்தது வேறொரு படத்தில். ஒரு சிறுவன் தன் தாத்தா தோல் தைப்பதை வரைந்திருக்கிறான். ஊசியும் உளியும் நன்றாகவே வந்துள்ளன. பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துக் கோபப்பட்டார். "இதிலிருந்து வெளியே வரத்தானே உங்களைப் படிக்க வைத்தோம்? திரும்பவும் தோலையா காட்டுகிறீர்கள்? அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று தெரியாதா?" என்றார். அவருக்குத் தெரிந்த வலி அது. மேலும் ஒரு கூரிய வினாவையும் கேட்டார்: "முட்டையை வைத்து இடம் சொல்லக்கூடாது என்கிறீர்கள். அப்புறம் தாத்தாவின் தோலை ஏன் பேரன் புத்தகத்தில் ஒட்டுகிறீர்கள்?"

இதற்கு நாம் முழு விடை கண்டுவிட்டதாகச் சொல்லவில்லை. நம் எண்ணத்தைச் சொல்கிறோம். காஞ்சா அய்லய்யா அவர்கள் 2007இல் எழுதி, அதே துர்காபாய் வியாம் படம் வரைந்த நூலொன்று உண்டு, தமிழிலும் வந்தது. தோல் பதனிடுவோர், குயவர், துணி வெளுப்போர், முடி திருத்துவோர் ஆகியோரின் தொழிலை அறிவாகவும் கண்டுபிடிப்பாகவும் அது குழந்தைகளுக்கு விளக்குகிறது. அழுகிப்போகும் தோலைச் சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டையிலும் இட்டு, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பொருளாக்கியது எளிய அறிவன்று. மின்மோட்டார் வருமுன் இவ்வட்டாரத்துக் கிணறுகளில் கவலை இறைத்தபோது, சாலுக்கு வேண்டிய தோலுறுப்பைத் தைத்தவர்கள் நம் முன்னோர். நாம் தைத்த தோல் கிணற்றுக்குள் இறங்கலாம். தைத்த கை இறங்கக்கூடாது. தாத்தாவை வரைந்தால் அக்கிணற்றையும் வரைய வேண்டும் என்பது நம் கருத்து. பேரன் அத்தொழிலுக்கு உரியவன் என்று அப்படம் சொல்லாது. தாத்தா அறிவுடையவர் என்று மட்டும் சொல்லும். ஆயினும் அச்சிறுவன் அப்புத்தகத்தோடு நாளை பள்ளிக்குப் போக வேண்டியவன். நாம் போகப் போவதில்லை. ஆகவே முடிவை அவனிடமும் அவன் பெற்றோரிடமும் கேட்டே எடுக்க வேண்டும்; பெரியோர்களும் பார்க்க வேண்டும்.

படங்கள் அனைத்தையும் மாலை வகுப்புக் கூடத்தில் பாய்மேல் பரப்பி வைத்திருக்கிறோம். தாத்தாவின் படம் சன்னலை ஒட்டிய வரிசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பார்த்துவிட்டு, வரலாமா வேண்டாமா என்று சொல்லிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.